தகனம் என்று முடிவாகிவிட்டது, அப்புறம்? அவரவருக்கு ஏற்ற வழியனுப்புதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு நகரங்களில் விறகும் வறட்டியும் குறைந்து எரிவாயு தகன மேடைகள் பரவிவிட்டன. ஆனால் சடங்கு, ஊர்வலம், பேச்சு எல்லாவற்றையும் இன்னும் விறகுக் காலத்துக் கணக்கிலேயே திட்டமிடுகிறோம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. இறந்தவருக்குப் பொருத்தமாக, அவருடைய குணத்தோடு ஒட்டிய ஒரு வழியனுப்புதலை நடத்த நினைக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

அஞ்சலிக் கூட்டத்தை மயானத்திலேயே வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், ஆனால் வேண்டாம். எரிவாயு தகன மேடையில் ஒரு உடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அடுத்த வண்டி வாசலில் நிற்கும். முன்கூடத்தில் கடைசிச் சடங்குக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அங்கே போய் ஐந்து பேர் பேச வேண்டும், பேத்தி கவிதை வாசிக்க வேண்டும் என்று திட்டம் போட்டால், மூன்றாவது ஆள் பேசும்போதே பணியாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பேச்சு அறுந்துபோகும், பேசியவருக்கும் மனசு ஆறாது. மேலும் சில இடங்களில் ஊதுவிசிறியின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

ஆகவே மனதுக்கு நெருக்கமானதை எல்லாம் வீட்டில் முடித்துவிடுங்கள். மயானத்தில் ஒரே ஒரு செயல் போதும். கற்பூரம் ஏற்றுவதோ, எல்லோரும் வரிசையாக ஒரு பூ வைப்பதோ, ஒரு நிமிடம் பேசாமல் நிற்பதோ, எதுவாக இருந்தாலும் ஒன்று. நீளமாகப் பேச வேண்டியவர்களுக்குப் பத்து, பதினைந்து நாள் கழித்துப் படத்திறப்பு இருக்கிறது.

வீட்டில் எப்போது, எப்படிப் பேசுவது? ஒரே கூட்டமாக இருக்குமே?

எடுப்பதற்கு முன்னால், குளிப்பாட்டிக் கோடி போர்த்தும் நேரம் தொடங்குவதற்கு ஒரு அரை மணி நேரம் முன்பு. அப்போதுதான் முக்கியமான உறவெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். ஷாமியானா போட்ட இடத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தால் போதும். இரண்டு பேர் பேசட்டும், மூன்றாவது ஆள் வேண்டாம். ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து, மற்றவர் வெளியிலிருந்து. கூட வேலை பார்த்தவரோ, தினமும் காலையில் சேர்ந்து நடந்தவரோ. 'அன்னார் ஒரு சிறந்த மனிதர்' என்று தொடங்கும் பேச்சு யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது. பேசுபவரிடம் ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் ஒருங்கிணைக்க அழாத ஆள் ஒருவர் வேண்டும். மகனோ மகளோ கூடாது. மருமகன், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஒருவரைப் பொறுப்பாக்கி, எல்லாத் தொலைபேசியும் அவருக்கே போகும்படி செய்யுங்கள்.

என் விருப்பத்தை உயிலில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் என்பது சொத்து பற்றிய அறிவிப்பு. உடல் சொத்து அல்ல. அதைவிட நடைமுறைச் சிக்கல் பெரிது: உயிலை யார் முதல் நாளே பிரித்துப் படிக்கிறார்கள்? பெரும்பாலும் கருமாதி முடிந்த பிறகுதான் பீரோவே திறக்கப்படும்.

ஒரு தனித் தாளில் கைப்பட எழுதுங்கள். தகனமா அடக்கமா, எந்த ஊரில், சடங்கு வேண்டுமா, யார் கொள்ளி வைக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எந்தப் படம், சாம்பல் எங்கே. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதைப் படம் எடுத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால் 'அப்பா என்னிடம் வேறு மாதிரி சொன்னார்' என்று இன்னொருவர் சொல்வார். இந்தத் தாளுக்குச் சட்டத்தின் பிடி இல்லைதான். ஆனால் சொந்தக்காரர்கள் கூடி நிற்கும் முற்றத்தில் இறந்தவரின் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு.

அப்பா உயிரோடு இருக்கும்போது இதை எப்படிக் கேட்பது? அபசகுனமாக நினைக்க மாட்டாரா?

நேராகக் கேட்டால் அம்மா கோபப்படுவார், அது உறுதி. வேறொரு வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று பேச்சு தானாகவே அந்தப் பக்கம் போகும். 'அங்கே அப்படிச் செய்தார்கள், நமக்கு அது சரிப்படுமா?' என்று தொடங்குங்கள். எழுபது தாண்டிய பலரும் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்கள், கேட்க ஆளில்லாமல்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

உடலோடு என்னென்ன வைத்து அனுப்பலாம்?

இதில்தான் தனிப்பட்ட விஷயத்துக்கு நிறைய இடம் இருக்கிறது, தடையும் இருக்கிறது. பருத்தி வேட்டி, பருத்திப் புடவை, பட்டு எல்லாம் சரி. நைலான், பாலியஸ்டர் உருகும், தவிர்க்கலாம். காகிதத்தில் எழுதிய கடிதம் தாராளமாக வைக்கலாம். பேரக்குழந்தைகளைத் தலைக்கு ஒரு வரி எழுதச் சொல்லி, மடித்துக் கைக்குள் வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாத அந்த நாளில் அது ஒரு வேலையாகவும் இருக்கும். துளசி மாலை, சந்தனக் கட்டை, வாழ்நாளெல்லாம் போட்ட கதர்த் துண்டு, மர ஜெபமாலை எல்லாம் போகும்.

கூடாதவை: பேட்டரி உள்ள எதுவும். காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கைபேசி. மறந்து போவது பெரும்பாலும் காதுக் கருவிதான். கண்ணாடிப் பாட்டில், பன்னீர் புட்டி, வாசனைத் திரவியம், மது, ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். ஜரிகைத் தாளும் பிளாஸ்டிக் இழையும் கோத்த கனமான மாலைகளை மேடைக்கு முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள். அவர் வாசித்த புல்லாங்குழல் போன்ற மரப் பொருளை வைக்க நினைத்தால் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், புல்லாங்குழலை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நகைகளை வீட்டிலேயே, மூன்று பேர் பார்க்கக் கழற்றிவிடுங்கள். மயானத்து வாசலில் மூக்குத்தியைப் பற்றிச் சண்டை வருவதை விடக் கேவலமான காட்சி கிடையாது.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால்?

கண்டிப்பாக எடுக்க வேண்டும். அதிலுள்ள லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கும். உலைக்குச் சேதம், அருகில் நிற்கும் பணியாளருக்கு ஆபத்து. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும், தோலுக்கு அடியில்தான் இருக்கும், சிறிய வேலை. முழங்கால் மாற்று, எலும்பில் வைத்த தகடு இவற்றை எடுக்கத் தேவையில்லை. அவை சாம்பலில் கிடக்கும்.

பறை வேண்டாம், அமைதியாக இருக்கட்டும் என்கிறாள் தங்கை. பறையில்லாமல் என்ன சாவு என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?

இறந்தவர் சொன்னது சரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால், அவர் எதைக் கேட்டால் முகம் மலருவார் என்று யோசித்துப் பாருங்கள். வயல்காட்டிலும் திருவிழாவிலும் வளர்ந்த மனிதருக்குப் பறை அழகு. மார்கழிக் காலையில் பதிகம் பாடிக்கொண்டிருந்த பாட்டிக்கு ஓதுவார் ஒருவர் வந்து பாடினால் அதைவிட வேறொன்றும் வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம், அதாவது வாசனைப் பொடி, இடிப்பது இன்றும் நடக்கிறது. சினிமாப் பாட்டுப் பைத்தியமாக இருந்தவருக்கு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பழைய பாட்டுகளைச் சன்னமாக ஓடவிட்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பறை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தெருவுக்கு ஆள் அனுப்பி 'வரச் சொல்' என்று உத்தரவிடும் வழக்கம் இன்னும் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பறை கற்றுக்கொடுக்கும் குழுக்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் இன்று நிறைய உண்டு. கலைஞர்களாக அழைத்து, கூலியை முன்பே பேசி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். குடிக்க வாங்கிக் கொடுத்து ஆடவைப்பது மரியாதை ஆகாது.

ஒப்பாரியைத் திட்டமிட முடியாது, திட்டமிடவும் கூடாது. ஊரிலிருந்து வந்த அத்தை கட்டிப்பிடித்துப் பாட ஆரம்பித்தால் உங்கள் பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் அரை மணி தள்ளிப் போகட்டும். அந்தப் பாட்டில் வரும் சங்கதிகள், அவர் சிறுவயதில் எந்தக் கிணற்றில் விழுந்தார் என்பது வரை, உங்கள் இரங்கல் உரையில் வராது.

பெண்கள் மயானத்துக்கு வரலாமா? மகள் கொள்ளி வைக்கலாமா?

தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மகள் கொள்ளிக்குடம் சுமப்பதும் மனைவியே தீ வைப்பதும் இன்று புதுச் செய்தியல்ல. எரிவாயு மேடையில் செய்ய வேண்டியதும் நெஞ்சில் ஒரு கற்பூரம் வைப்பதுதான். எதிர்ப்பு வந்தால் பங்காளிகளிடமிருந்தும் புரோகிதரிடமிருந்தும் வரும். வாசலில் குடத்தைத் தூக்கும் நேரத்தில் அறிவிக்காமல், முந்தின இரவே மூத்த பங்காளி ஒருவரிடம் பேசி அவர் வாயால் சொல்ல வையுங்கள். மயானத்துக்கு வர மனமில்லாத பெண்ணை 'காலம் மாறிவிட்டது' என்று இழுத்துக்கொண்டு போவதும் தப்பு.

அம்மாவுக்குப் பூவும் பொட்டும் எடுக்கும் சடங்கை நிறுத்த முடியுமா?

முடியும், நிறுத்தவும் வேண்டும், ஆனால் அம்மா விரும்பினால். வழியனுப்புதலை அப்பாவுக்கு ஏற்றபடி அமைக்கப் பாடுபடும் பிள்ளைகள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ விடியற்காலையில் நாலு கிழவிகள் அம்மாவை உட்காரவைத்து வளையலை உடைக்கும்போதுதான் வீட்டுக்கு உறைக்கும். முதல் இரண்டு நாளுக்குள், தனியாக இருக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள். 'உங்களுக்கு இது வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' அவர் வேண்டும் என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்றால், செய்ய வரும் பெண்களிடம் மகளோ மருமகளோ நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பொறுப்பை அம்மா தலையில் போடக் கூடாது.

அப்பா நாத்திகர். அத்தைகள் சடங்கு செய்யாமல் விடமாட்டோம் என்கிறார்கள்.

திராவிட இயக்கக் குடும்பங்கள் இதற்கு வெகு காலத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டன. புரோகிதர் இல்லாமல் உடலை எடுப்பது, கருமாதிக்குப் பதில் படத்திறப்பு. மண்டபத்தில் படத்தைத் திறந்துவைத்து, தெரிந்தவர்கள் பேசி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. உறவுக்காரர்கள் கூடுவதற்கு ஒரு நாள் வேண்டும், அது கிடைத்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். அத்தைகள் வாய்க்கரிசி போட்டே தீருவோம் என்றால் போட்டுக்கொள்ளட்டும் என்பது என் கருத்து. அவர் அண்ணன் மட்டுமா, கொள்கை மட்டுமா? ஆனால் மந்திரம் சொல்ல ஆளைக் கூட்டி வருவதற்குச் சம்மதிக்காதீர்கள், அது அவர் வாழ்நாள் முழுக்க மறுத்த விஷயம்.

மகன் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். எத்தனை நேரம் காக்கலாம்?

ஐஸ் பெட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் பிரச்சினையில்லை. மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். அதற்கு மேல் என்றால் மருத்துவமனைப் பிணவறைதான் பாதுகாப்பு. வர முடியாதவர்களுக்காக நேரலை வைப்பதென்றால், வீட்டில் நடப்பதை மட்டும் காட்டுங்கள், உலையின் கதவு வரை கேமராவைக் கொண்டுபோக வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவர் வெறுமனே பார்ப்பவராக இல்லாமல் இரண்டு நிமிடம் பேசவும் வழி செய்யுங்கள்.

சனிக்கிழமை இறந்துவிட்டார். 'சனிப் பிணம் தனியே போகாது' என்கிறார்களே?

கோழிக்குஞ்சையோ தேங்காயையோ பாடையில் கட்டுவது பழக்கம். எரிவாயு மேடைக்குள் கோழியை அனுப்ப விடமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. தேங்காயோடு பெரியவர்கள் சமாதானமாகிவிடுவார்கள். ராகுகாலம், எமகண்டம் பார்ப்பவர்கள் வீட்டைவிட்டு எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் நல்லது. மயானத்தில் உங்களுக்குக் கிடைத்த நேரத்தை மாற்றுவது கஷ்டம்.

கிறிஸ்தவர்கள் தகனம் செய்யலாமா?

கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. அடக்கமே விருப்பத்துக்குரியது என்றாலும் தடை இல்லை. உடல் இருக்கும்போதே பூசை முடித்துவிட்டுத் தகனத்துக்குக் கொண்டுபோவதுதான் பொதுவாக வசதி. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். மற்ற சபைகளில் நடைமுறை வேறுபடும், போதகரிடம் பேசுங்கள். பெட்டியோடு தகனம் என்றால் உலோகக் கைப்பிடியும் கண்ணாடியும் இல்லாத சாதா மரப் பெட்டியாகக் கேளுங்கள்.

கண் தானம் செய்தால் முகம் பார்க்க முடியுமா?

முடியும். கருவிழியை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டுக்கே வருவார்கள், அரை மணிக்குள் முடிந்துவிடும், முகம் மாறாது. அவர்கள் வரும் வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். சர்க்கரை நோயோ கண்புரை அறுவைச் சிகிச்சையோ பொதுவாகத் தடை இல்லை. முழு உடல் தானம் வேறு. அது மருத்துவக் கல்லூரிக்குப் போகும், தகனம் கிடையாது.

கையில் என்னென்ன காகிதம் வேண்டும்?

இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிட்ட மருத்துவச் சான்று முதலில். மருத்துவமனையில் என்றால் படிவம் 4, வீட்டில் என்றால் 4ஏ. வீட்டில் இரவில் இறந்தால் சான்று தர மருத்துவர் கிடைப்பதுதான் நகரத்தில் பெரிய பாடு. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒருவரை முன்பே பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறந்தவரின் ஆதார் நகல், விண்ணப்பிப்பவரின் ஆதார் நகல். விபத்து, தற்கொலை என்றால் பிரேதப் பரிசோதனையும் காவல் நிலையக் கடிதமும் இல்லாமல் மேடைக்குள் எடுக்க மாட்டார்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மயானத்தில் பெயர் எழுதித் தரும்போது ஆதாரில் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட, எழுதிக் கொடுங்கள். துக்கத்தில் யாரோ ஒருவர் செல்லப்பெயரைச் சொல்லிவிட, வங்கியில் ஒரு வருடம் அலைந்த குடும்பங்கள் உண்டு.

செலவு எவ்வளவு ஆகும்?

தகனம் அதில் சின்னப் பகுதி. சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணமே இல்லை. அறக்கட்டளைகள் நடத்தும் இடங்களில், உதாரணமாக ரோட்டரி அமைப்பினர் நடத்தும் ஈரோடு ஆத்மா மின் மயானம் போன்றவற்றில், கட்டணத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். பணம் போவது ஐஸ் பெட்டி, வண்டி, பந்தல், பூ, சாப்பாடு, செய்தித்தாள் விளம்பரம், கண்ணீர் அஞ்சலிப் பேனர் இவற்றில். பேனருக்கு அனுமதி வேண்டும், பத்தடிப் பேனரால் இறந்தவருக்கு ஒன்றும் கூடுவதில்லை. பூவைக் குறைக்கலாம். பிய்த்துச் சாலையில் வீசிய மாலையில் வழுக்கி இருசக்கர வாகனக்காரர்கள் விழுகிறார்கள். மயானப் பணியாளருக்குக் கொடுப்பதைக் கேட்க விடாமல் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

சாம்பலை என்ன செய்வது? எல்லோரும் ராமேஸ்வரம்தான் போக வேண்டுமா?

இல்லை. முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் எலும்பை அரைத்துப் பொடியாகக் கொடுப்பார்கள். இங்கே பெரும்பாலும் எலும்புத் துண்டுகளோடுதான் மண்பானையில் வரும். ஆகவே மலையுச்சியில் காற்றில் தூவுவது போன்ற யோசனை சரிப்படாது. சில மணி நேரத்திலோ மறுநாள் காலையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், பவானி கூடுதுறை, பாபநாசத்துத் தாமிரபரணி, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் என்று வழக்கமான இடங்கள் இருக்கின்றன. அவர் மீன் பிடித்த ஏரியோ, நீச்சல் கற்ற ஆறோ இருந்தால் அதுவும் நல்ல இடம்தான், குடிநீர் எடுக்கும் துறையாக இல்லாதவரை. பானை மண்ணாக இருக்கட்டும், சுற்றிய துணியையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். ஒரு பகுதியை மரத்தடியில் புதைக்க நினைத்தால், சாம்பலில் காரமும் உப்பும் அதிகம் என்பதால் வேரில் நேராகக் கொட்டக் கூடாது. நிறைய மண்ணும் மட்கிய உரமும் கலந்து, சிறிதளவு மட்டும் இடுங்கள். விமானத்தில் கொண்டு போவதென்றால் உலோகச் செம்பு வேண்டாம், எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாது. மரப் பெட்டியிலோ கெட்டி அட்டைப் பெட்டியிலோ வைத்து, தகனச் சான்றும் இறப்புச் சான்றின் நகலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவருடைய கைபேசி எண்ணை உடனே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். படத்திறப்புக்கு யாரை அழைப்பது என்ற பட்டியலே அதில்தான் இருக்கிறது, பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழு உட்பட. வங்கி, எரிவாயு இணைப்பு, ஓய்வூதிய அலுவலகம் ஆகியவற்றின் செய்திகளும் அந்த எண்ணுக்குத்தான் வரும். குறைந்தது ஆறு மாதமாவது ரீசார்ஜ் செய்து, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்திருங்கள். ஆனால் இறந்த செய்தியை அவர் எண்ணிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். அவர் பெயரிலேயே அந்தச் செய்தி வந்து விழும்போது வயதான நண்பர்கள் அதிர்ந்துபோகிறார்கள். மகன் அல்லது மகளின் எண்ணிலிருந்து அனுப்புங்கள்.